20 கொண்டை ஊசி வளைவுகளும் 12 நரம்புகளும்: சேலத்து நினைவாற்றல் வகுப்பு ஒன்றின் மதிப்புரை

சேலம் அஸ்தம்பட்டியில் ஞாயிறுதோறும் நடக்கும் நினைவாற்றல் பயிற்சி வகுப்பு ஒன்றில் நானும் என் மகளும் 12 வாரம் படித்தோம். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், ஒருவருக்கு 4,500 ரூபாய். கடைசி ஞாயிறன்று ஏற்காட்டுக்கு வேனில் அழைத்துச் சென்று நிறைவுப் பயிற்சி. மகள் நர்சிங் முதலாண்டு மாணவி. உடற்கூறியலில் வரும் பெயர்களை வரிசை பிசகாமல் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இருந்தது. நான் கிளை நூலகம் ஒன்றில் 22 ஆண்டுகள் பணியாற்றி விருப்ப ஓய்வு பெற்றவள். நாள்தோறும் வந்து போன வாசகர்களைக் கடைவீதியில் பார்த்தால் முகம் தெரிகிறது, எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதுகூட நினைவுக்கு வருகிறது, பெயர் மட்டும் வருவதில்லை என்ற கவலை எனக்கு. குறைகளையும் விரிவாகச் சொல்லவிருப்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செய்தியை மனத்தில் பதிக்கும் கலையை இங்கே அருமையாகக் கற்றுத் தருகிறார்கள். பதிந்தது தங்குவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அரைகுறையாகச் சொல்கிறார்கள். தங்கியதை வேண்டிய நேரத்தில் திரும்ப எடுக்கும் பயிற்சியோ ஏறக்குறைய இல்லை. தேர்வு எழுதப் போகும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பெற்றோருக்கு இந்தக் கடைசிக் குறை பெரிய குறை.

முதல் வகுப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பயிற்சியாளர் கரும்பலகையில் 'ழ, ட, ம' என்று மூன்று எழுத்துகளை எழுதி, ஒரு கணம் காட்டி அழித்துவிட்டு, 500-இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து உரக்க எண்ணச் சொன்னார். 497, 494, 491 என்று கூட்டமாக எண்ணிக்கொண்டிருந்தபோது கையைத் தட்டி நிறுத்தி, அந்த மூன்று எழுத்துகள் எவை என்று கேட்டார். இருபத்தைந்து பேர் இருந்த அறையில் மூன்று நான்கு பேர்தான் கை தூக்கினார்கள். லாய்ட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் தம்பதியர் 1959-இல் வெளியிட்ட ஆய்வின் எளிய வடிவம் இது. மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள விடாமல் தடுத்தால், மூன்றே எழுத்துகள்கூட 18 நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மிஞ்சுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்லித் திரும்புவதற்குள் பால் மறந்துபோவது முதுமையால் மட்டும் வருவதன்று என்பது அன்று எனக்குப் புரிந்தது. மனத்தின் முன்னறை அத்தனை சிறியது.

அந்த முன்னறையின் அளவைப் பற்றியும் சரியாகவே சொன்னார். ஒரே நேரத்தில் ஏழு, கூடக் குறைய இரண்டு செய்திகளை வைத்திருக்கலாம் என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதியதையும், நான்குதான் உண்மைக்கு நெருக்கமானது என்று 2001-இல் நெல்சன் கோவன் வாதிட்டதையும் சொல்லிவிட்டு, செய்திகளைப் பொட்டலமாகக் கட்டினால் அந்த நான்கிலேயே நிறைய ஏற்றலாம் என்று காட்டினார். 636601 என்ற ஏற்காட்டு அஞ்சல் குறியீடு வெளியூர்க்காரருக்கு ஆறு இலக்கங்கள். சேலத்துக்காரருக்கோ 636 என்பது பிறந்தது முதல் பார்த்து வரும் ஒரே பொட்டலம். புதிதாக ஏற்ற வேண்டியவை மூன்று இலக்கங்கள்தாம். வகுப்பு முடிந்து தட்டுவடை செட் சாப்பிட நின்ற தள்ளுவண்டியில், எட்டுப் பேர் ஒரே மூச்சில் காரம் கூட்டு, பூண்டுச் சட்னி வேண்டாம், ஒன்றில் முறுக்கு என்று சொன்னதை அந்த அம்மா எதையும் எழுதாமல் வாங்கிக்கொண்டு, தட்டுகளை வரிசையாகப் பரப்பிச் சரியாகக் கொடுத்ததைப் பார்த்து என் மகள் வியந்து நின்றாள். அவர் எட்டுப் பேர் சொன்னதைத் தனித்தனிச் சொற்களாக வைத்திருக்கவில்லை. பல ஆண்டுப் பழக்கத்தில் 'இந்த வகை செட்' என்று ஒவ்வொன்றும் ஒரே பொட்டலமாகிவிட்டது. பரப்பி வைத்த தட்டே அடுத்ததை நினைவூட்டியும் விடுகிறது.

நான்காம் வாரம் முதல் வகுப்பின் உயிரான பகுதி தொடங்கியது. நன்கு பழகிய ஒரு வழியில் மனத்தால் நடந்து, அதன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைவில் கொள்ள வேண்டிய ஒன்றை உருவமாக்கி வைத்துவிட்டு, பிறகு அதே வழியில் நடந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும் முறை அது. கிரேக்கக் கவிஞர் சைமனிடீஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த உத்தி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அது பலன் தருவதற்குக் காரணம் உண்டு. மூளையின் உட்புறத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி புதிய நினைவுகளைப் பதிப்பதிலும் இடத்தை அறிவதிலும் ஒருசேரப் பங்கு கொள்கிறது. எலி குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிற்கும்போது மட்டும் அங்கே குறிப்பிட்ட நரம்பணுக்கள் இயங்குவதை 1971-இல் கண்டறிந்த ஜான் ஓ'கீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோருடன் 2014-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தனித்திறமை ஏதுமில்லாத சாதாரண மனிதர்கள் நாளுக்கு அரை மணி நேரமாக 6 வாரம் இந்த முறையில் பழகியபின், 72 சொற்கள் கொண்ட பட்டியலில் முன்பு சொன்னதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சொன்னதாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. ஆகவே வகுப்பு இதைத் தன் மையமாக வைத்தது சரியான தேர்வு.

வழியாக அவர்கள் எடுத்துக்கொண்டது அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள். வகுப்பறைச் சுவர் முழுவதும் அந்தப் பாதையை வரைந்து, வளைவுகளுக்கு 1 முதல் 20 வரை எண்ணிட்டு வைத்திருந்தார்கள். சேலத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடைக்காது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மகள் தன் பாடத்திலிருந்து 12 இணை மண்டை நரம்புகளை எடுத்துக்கொண்டாள். முதல் வளைவில் ஒரு குரங்கு மல்லிகைச் சரத்தை முகர்ந்துகொண்டிருந்தது. அது வாசனைக்கான ஆல்ஃபாக்டரி. இரண்டாவதில் மரக்கிளையில் ஆளுயர மூக்குக் கண்ணாடி தொங்கியது, பார்வைக்கான ஆப்டிக். பத்தாவதில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பரதேசி நடந்தார்; லத்தீனில் அலைவது என்று பொருள்படும் வேகஸ், கழுத்திலிருந்து வயிறு வரை அலையும் நரம்பு. ஒரே மாலையில் அவள் பன்னிரண்டையும் சொல்லிவிட்டாள். பதித்தல் என்றால் என்ன என்பதை அன்று நான் கண்ணால் பார்த்தேன். வெறும் ஒலியாக வந்த சொல், அவள் அறிந்த மணத்தோடும் பார்த்த குரங்கோடும் ஏறிய மலையோடும் கட்டப்பட்டபோது அவளுடையதாகிவிட்டது. ஒரு சொல்லின் எழுத்து வடிவத்தைப் பார்ப்பவரைவிட அதன் பொருளை எண்ணிப் பார்ப்பவருக்கே அது நினைவில் நிற்கும் என்று ஃபெர்கஸ் கிரெய்க், ராபர்ட் லாக்கார்ட் இருவரும் 1972-இல் சொன்னது இதுவே.

ஆனால் இரண்டு வாரம் கழித்து அவளுக்கு ஏழும் எட்டும் இடம் மாறத் தொடங்கின. ஏழாவது முகத்துக்கான ஃபேசியல், எட்டாவது செவிக்கான வெஸ்டிபுலோகாக்லியர்; நோயாளியின் படுக்கையருகே நிற்கப் போகிறவள் இவற்றை மாற்றிச் சொல்லக் கூடாது. எனக்கும் 12, 13, 14 ஆகியவற்றில் வைத்தவை கலந்துபோயின. ஏன் என்று யோசித்தபோது காரணம் மலையிலேயே இருந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் தடுப்புச் சுவர், நடுவே திரும்பும் தார்ச்சாலை, ஓர் எண் பலகை. ஒரு வளைவைப் போலவே அடுத்த வளைவும் இருக்கிறது. எண்ணைத் தவிர அவற்றைப் பிரித்துக் காட்ட எதுவுமில்லை. ஒன்றையொன்று ஒத்தவை ஒன்றோடொன்று குழம்பும் என்பது நினைவாய்வின் மிகப் பழைய பாடம். நூலகத்தில் ஒரே நிற அட்டையிட்ட இருபது தொகுதிகளில் பதின்மூன்றாவதைத் தேடும் வாசகர் முதலில் பன்னிரண்டைத்தான் உருவுவார். பயிற்சியாளரிடம் சொன்னேன். "பழகப் பழகச் சரியாயிடும்மா" என்றார். சரியாகவில்லை.

பிறகு நாங்களே வழியை மாற்றிக்கொண்டோம். பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றி நாங்கள் ஆண்டுக்கணக்காக நடந்த இடங்களை எடுத்துக்கொண்டோம்: ராஜகணபதி கோயில் வாசலில் சிதறு தேங்காய் உடையும் இடம், சுகவனேசுவரர் கோயில் மதில், திருமணிமுத்தாற்றுப் பாலம், ஆடித் திருவிழாவுக்குக் கூழ் வாங்க நின்ற கோட்டை மாரியம்மன் கோயில், பூக்கடை வரிசை, டவுன் ரயில் நிலையத்தின் மேடை. ஒவ்வொன்றுக்கும் தனி முகம், தனி ஓசை, சிலவற்றுக்குத் தனி மணமும் உண்டு. ஏழாவது நரம்பு பூக்கடைக்காரம்மாவின் முகத்திலும், எட்டாவது ரயில் ஊதும் மேடையிலும் போய் அமர்ந்தபின் அவை மாறவே இல்லை. வகுப்பில் சேர்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்: சுவரில் வரைந்து வைத்த வழியை அப்படியே ஏற்காமல், உங்கள் கால் பழகிய, ஒன்றைப்போல் ஒன்று இல்லாத இடங்களை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள்.

ஏற்காட்டுப் பயணம் நல்ல நாளாக அமைந்தது. ஏரிக்கரையில் சாப்பாடும் நன்றாக இருந்தது. வேன் ஒவ்வொரு வளைவாக ஏறும்போது பிள்ளைகள் அங்கே வைத்ததை உரக்கச் சொல்ல, பெற்றோர் கைதட்டினார்கள். ஏறக்குறைய எல்லாரும் இருபதையும் சொன்னார்கள். ஆனால் அதை ஒரு சோதனையாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நினைவூட்டும் குறிப்பு கண்ணெதிரே வந்து நின்றால் நினைவு தானாக எழும். 1966-இல் எண்டல் டல்விங், ஜீனா பேர்ல்ஸ்டோன் இருவரும் சொற்பட்டியல் ஒன்றைக் கற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் 'பறவைகள்', 'பழங்கள்' போன்ற வகைப் பெயர்களைக் கொடுத்துக் கேட்டபோது, குறிப்புப் பெற்றவர்கள் மிக அதிகமான சொற்களைச் சொன்னார்கள். மற்றவர்களின் மனத்திலும் அந்தச் சொற்கள் இருந்தன. அவற்றை எட்டும் வழிதான் இல்லை. நூலகத்தில் பணி செய்தவளுக்கு இது நன்றாகவே தெரியும். தவறான தட்டில் செருகப்பட்ட புத்தகம் கட்டடத்துக்குள்தான் இருக்கும், பதிவேட்டில்கூட இருக்கும், கேட்டு வந்தவருக்கு மட்டும் கிடைக்காது. தேர்வுக் கூடத்தில் மலை எதிரே இருக்காது. எனவே இறங்கி வந்தபின், ஒரு மாதம் கழித்து, எல்லாரையும் வகுப்பறையில் உட்காரவைத்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு வழக்கம் இல்லை, அடுத்த அணி தொடங்கிவிடும் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த வகுப்பின் மேல் எனக்குள்ள வருத்தமெல்லாம் இதில்தான் இருக்கிறது. 12 வாரமும் வீட்டுப்பாடமாகக் கொடுத்தது, குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பப் படிப்பது மட்டுமே. 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனையை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி வைத்து, நினைவில் உள்ளதை மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள் 83 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களிடம் 40 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதமும் மிஞ்சியிருந்தன. திரும்பப் படிக்கும்போது பாடம் பழகியதாகத் தோன்றுகிறது. அந்தப் பழக்கத்தையே தெரிந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. மூடி வைத்துவிட்டுத் தட்டுத்தடுமாறி எடுக்கும்போதுதான் எடுக்கும் வழி உறுதிப்படுகிறது.

எங்கள் வீட்டிலேயே இதற்குச் சான்று கிடைத்தது. வகுப்பு முடிந்து 40 நாள் கழித்து மகளிடம் இரண்டு பட்டியல்களைக் கேட்டேன். வகுப்பில் எல்லாருக்கும் கொடுத்த 30 நாடுகளின் தலைநகரங்களில் 11 மட்டுமே வந்தன. மண்டை நரம்புகள் பன்னிரண்டும் பிழையின்றி வந்தன. இரண்டையும் ஒரே உத்தியால்தான் பதித்தாள். நரம்புகளை மட்டும் நான் தோசை வார்க்கும்போதும் துணி மடிக்கும்போதும், முதலில் அடுத்த நாளும், பிறகு மூன்று நாள் விட்டும், பிறகு ஒரு வாரம் விட்டும், "ஒன்பதாவது என்ன கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். முன்பெல்லாம் வாய்பாடும் மனப்பாடச் செய்யுளும் கேட்ட பாட்டிமார் செய்ததும் இதுவே. நம் அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வருவதும், எதுகையும் மோனையும் அடுத்த அடியைக் கைகாட்டுவதும் திரும்ப எடுப்பதற்கான ஏற்பாடுகள்தாம். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருங்கே கவனித்துச் சதாவதானம் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலர் வளர்ந்த மரபு அது. அந்த மரபைப் பற்றி இந்த வகுப்பில் ஒரு சொல்லும் இல்லை. எண்களை நினைவில் வைக்க, ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் ஆங்கில மெய்யெழுத்தைக் கொடுத்துச் சொல்லாக மாற்றும் முறையைக் கற்பித்தார்கள். தமிழ் எண்களில் க ஒன்று, உ இரண்டு, எ ஏழு, அ எட்டு என்று எழுத்துகளே இலக்கங்களாக இருப்பதை எடுத்துக்காட்டியிருந்தால் பிள்ளைகள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்.

விளம்பரத் தாளில் உள்ள சில கூற்றுகளைத் திருத்தியாக வேண்டும். 'படித்ததில் 66 சதவீதம் ஒரே நாளில் அழிந்துவிடும்' என்று அதில் இருக்கிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட நூலிலிருந்து வரும் எண் இது. அவர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, பின்னர் மீண்டும் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சமானது என்பதே அவர் கண்டது. பொருளுள்ள பாடத்துக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்துவது பெற்றோரை அச்சுறுத்தும் செயல். 'மூளையில் 10 சதவீதத்தையே பயன்படுத்துகிறோம்' என்பது முற்றிலும் தவறு. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை உடலின் ஆற்றலில் 20 சதவீதம் அளவுக்குச் செலவழிப்பது சும்மா கிடக்கும் பகுதிகளுக்காக அன்று. 'பொதுவான நினைவாற்றல் பத்து மடங்கு பெருகும்' என்பதும் நடவாதது. 1980-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வில் ஒரு மாணவர் 230 மணி நேரத்துக்கும் மேல் பழகி, ஒருமுறை கேட்டுச் சொல்லும் இலக்கங்களை 7-இலிருந்து 79 ஆக உயர்த்தினார். ஓட்டப் பந்தய வீரரான அவர் இலக்கங்களை ஓடும் நேரங்களாகப் பொட்டலம் கட்டினார். எழுத்துகளைக் கேட்டபோது அவரால் 6 அளவில்தான் சொல்ல முடிந்தது. பழகிய பொருளில்தான் திறன் வளர்கிறது.

நான்கு மணி நேரத் தூக்கம் போதும் என்று பிள்ளைகளிடம் சொன்னதை நான் ஏற்கவே மாட்டேன். பகலில் ஓடிய வழியைத் தூங்கும் எலியின் ஹிப்போகாம்பஸ் திரும்ப இயக்கிப் பார்ப்பதை 1994-இல் மேத்யூ வில்சன், புரூஸ் மெக்நாட்டன் இருவரும் பதிவு செய்தார்கள். பதிந்தது நிலைபெறுவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. நள்ளிரவு வரை விழித்துப் படித்து, விடிகாலை மூன்று மணிக்கு மீண்டும் எழுப்பப்படும் பிள்ளை, அன்று படித்ததையே இழக்கிறது. வரவேற்பு மேசையில் விற்ற வல்லாரைப் பொடியைப் பற்றி, வல்லாரைத் துவையல் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடிக்கும் என்பதைத் தாண்டி நான் சொல்வதற்கொன்றுமில்லை. வகுப்பில் சேர அதை வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

என் சொந்தக் குறையான பெயர்களுக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கினார்கள். அது எனக்குப் பயன்பட்டது. ஒருவருடைய தொழில் நினைவில் நிற்கும் அளவுக்குப் பெயர் நிற்காததன் காரணம், பெயர் எதனோடும் கட்டப்படாமல் தனித்து நிற்பதுதான். தமிழ்ப் பெயர்களில் பலவற்றுக்கு நாம் மறந்துவிட்ட உருவம் உண்டு. முத்து என்றால் காதோரம் ஒரு முத்து, மயிலம்மாள் என்றால் தோளில் ஒரு தோகை என்று முகத்தோடு சேர்த்துவைத்தால் பெயர் வந்துவிடுகிறது. பொருள் எளிதில் விளங்காத இந்தக் காலத்துக் குழந்தைப் பெயர்களுக்குத்தான் நான் இன்னும் தடுமாறுகிறேன்.

வகுப்பறை காற்றோட்டமானது, பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் மதிப்பளித்துப் பேசுகிறார்கள், எட்டு வயதுப் பிள்ளையையும் என்னைப் போன்றவளையும் ஒரே அணியில் வைப்பதால் பாதி நேரம் யாராவது ஒருவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. முதல் வகுப்புக்குக் கட்டணமில்லை. அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, உங்கள் பிள்ளையின் பாடத்தையே கொண்டுவந்து பழகலாமா என்றும், ஒரு மாதம் கழித்து வெள்ளைத்தாள் கொடுத்துக் கேட்பீர்களா என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கு இங்கே ஆம் என்பார்கள். இரண்டாவதற்கு இப்போதைக்கு இல்லை என்பதால், ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். அதை வீட்டில் நீங்களே செய்ய முடியுமானால் 4,500 ரூபாய் வீண் போகாது. மகளுக்கு இப்போது மணிக்கட்டு எலும்புகள் எட்டின் வரிசை நடந்துகொண்டிருக்கிறது; நேற்று ஐந்தாவதில் நின்றுவிட்டாள், நாளை மறுநாள் மீண்டும் கேட்பேன்.